பல் வைத்தியரின் வைஃபையும் எங்கள் ஆராய்ச்சிப் பிரிவும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, முதல் நாள் வகுப்பில் உங்களுக்கு ஒரு படம் காட்டியிருப்பார்கள். உலக வரைபடம், அதன்மேல் வட்டங்கள், வட்டங்களுக்கிடையில் அம்புக்குறிகள். ஆராய்ச்சி ஓரிடத்தில், உருவாக்கம் இன்னோரிடத்தில், பராமரிப்பு வேறொரு மூலையில் என்று எல்லாம் வலு ஒழுங்காக இருக்கும். அந்தப் படத்தை நம்புங்கள். கம்பனி பெரும்பாலும் அப்படித்தான் இயங்குகிறது. ஆனால் அதிலுள்ள அம்புக்குறிகளில் ஒன்று முதன்முதலாகத் திசை மாறிய நாளில், நான் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லிப்டுக்குள் நின்று கத்தரிக்காய்க்குப் பில் போட்டுக்கொண்டிருந்தேன். வகுப்பில் அதைச் சொல்லித்தர மாட்டார்கள். நான் வேலையிலிருந்து விலகி வீட்டில் சும்மா இருப்பவன் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் கம்பனி கடைகளுக்கான மென்பொருள் செய்வது. கல்லாவில் பில் போடுவது, கிடங்கில் சரக்கைக் கணக்கெடுப்பது, எல்லாக் கிளைகளின் விற்பனையையும் ஒரே திரையில் காட்டுவது. தலைமையகம் குளிர்நாடு ஒன்றில். வேலையை மூன்று தட்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். மேல் தட்டில் இருப்பவர்கள் "எதைச் செய்வது?" என்று யோசிப்பார்கள், அதுதான் ஆராய்ச்சி. நடுத்தட்டு "எப்படிச் செய்வது?" என்று யோசிக்கும். கீழ்த்தட்டு "ஐயோ, ஏன் உடைந்தது?" என்று யோசிக்கும். கொழும்புக் கிளை பல வருடம் கீழ்த்தட்டில் இருந்து, பிறகு நடுத்தட்டுக்கு ஏறியது. மேல் தட்டு தலைமையகத்திலேயே இருந்தது. அதில் சதி ஒன்றும் இல்லை. முடிவெடுப்பவர் எழும்பி நாலடி நடந்தால் யோசிப்பவரின் மேசை இருக்கவேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

மேல் தட்டுக்கு ஒரேயொரு பின்கதவு இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு வாரத்தை எல்லா நாட்டுக் கிளைகளுக்கும் சும்மா விட்டுவிடுவார்கள். யாரும் தங்கள் சொந்த யோசனையைச் செய்து பார்க்கலாம். வார முடிவில் வீடியோ அழைப்பில் தலைமையகத்துக்குக் காட்டவேண்டும். அதற்குப் பிறகு மூன்றில் ஒன்று நடக்கும். ஒன்று, சிரித்தபடி வேண்டாம் என்பார்கள். இரண்டு, நன்றி மெயில் வரும்: யோசனை அருமை, இனி எங்கள் ஆராய்ச்சிக் குழு பார்த்துக்கொள்ளும், தேவையானபோது உங்களைக் கூப்பிடுவோம். மூன்றாவதற்கு இருப்பிடம் என்று பெயர். யோசனை பிறந்த இடத்திலேயே இருக்கும். அதைச் செய்தவர்களுக்கே ஆளும் நேரமும் கொடுப்பார்கள். கொழும்புக்கு நன்றி மெயில்கள் நிறைய வந்திருந்தன. இருப்பிடம் ஒன்றுகூட வந்ததில்லை.

இனி ரிஸ்னா. தெமட்டகொடையிலிருந்து வருகிற பிள்ளை, என் குழுவில் எல்லோரிலும் கெட்டிக்காரி. ஆபீசுக்குக் கீழே உள்ள பலசரக்குக் கடையில் இன்டர்நெட் லைன் போகும்போதெல்லாம் காசாளர் பிஸ்கட் பெட்டி அட்டையைக் கிழித்து அதில் கணக்கு எழுதுவதையும், லைன் வந்தபின் அத்தனையையும் திரும்ப அடிப்பதையும் அவர் பார்த்திருந்தார். லைன் இல்லாத நேரத்தில் கல்லா தானே பில் போட்டுச் சேர்த்து வைத்து, லைன் வந்ததும் மையக் கணினியுடன் தானே கணக்கை நேர்செய்துகொள்ளவேண்டும் என்பது அவருடைய யோசனை. தலைமையகத்துக்கு இது தோன்றியதே இல்லை. அவர்கள் நாட்டில் லைன் போவதில்லை.

அந்தச் சொந்த யோசனை வாரம் தொடங்கிய அன்று காலை ரிஸ்னா என் மேசைக்கு வந்தார்.

"அண்ணா, ஒரு விஷயம் சொல்லணும். சிங்கப்பூர் கம்பனி ஒண்டில கூப்பிட்டீக்காங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

"என்ன சொல்லப் போறீர்?"

"இந்த முறையும் நன்றி மெயில்தான் வந்திச்செண்டா, போறன் எண்டு சொல்லுவன். இங்க இருப்பிடம் கிடைச்சா இருப்பன். எனக்கு இதைச் செய்யணும், அண்ணா. வேற ஒருத்தர் செய்றதை இங்கயிருந்து பாத்துக்கிட்டு ஈக்க ஏலாது."

செயல்விளக்கம் வெள்ளிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு. நான் மிக நிதானமாகத் தலையை ஆட்டினேன். அவர் போனதும் கழிவறைக்குப் போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டேன்.

என் பதற்றத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதற்கு முந்தைய முறை நான் பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் போய், தலைமையகத்தின் பெரிய திரையில் என் முகம் வாய் திறந்தபடி உறைந்து நின்றது. யாரோ ஒரு புண்ணியவான் அதைப் படம்பிடித்து, எல்லா நாட்டுக் கிளைகளும் அரட்டையில் பயன்படுத்தும் பொம்மைப் படமாக்கிவிட்டான். அந்நாட்களில் பிரேசிலில் எவருக்காவது அதிர்ச்சி வந்தால் என் முகத்தைத்தான் அனுப்புவார்கள். ஆகவே இம்முறை லைன் போகவே கூடாது என்று முடிவெடுத்தேன்.

இந்த வசனத்தை இன்னொருமுறை வாசியுங்கள். லைன் போனாலும் கல்லா வேலை செய்யும் என்று காட்டப்போகிற நாளில், லைன் போகவே கூடாது என்று முடிவெடுத்தேன்.

எங்கள் ஊரில் வளர்ந்தவனுக்குத்தான் இந்தப் பிழை வரும். ஆபீசின் ஃபைபர் லைன் போனால் தானாகப் பிடித்துக்கொள்ள இன்னொரு கம்பனியின் லைனை இழுத்தேன். அதுவும் போனால் என் போன். எல்லாவற்றுக்கும் பின்னால் பற்றரி. அதிலும் திருப்தி வராமல் வியாழக்கிழமை கீழ்மாடிப் பல் வைத்தியரிடம் போய், இல்லாத பல்வலி ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் கதைத்து, அவருடைய வைஃபை கடவுச்சொல்லையும் வாங்கி வந்தேன். பில் போடுகிற டெப்லெட்டில், எங்கள் பேச்சில் டெப்பில், நாலையும் பதிந்து, ஒன்று போனால் அடுத்தது பிடிக்கிறதா என்று சோதித்தும் பார்த்தேன். அருமையாகப் பிடித்தது.

வெள்ளிக்கிழமை. பெரிய திரையில் ஆராய்ச்சி, உருவாக்கம் இரண்டுக்கும் பொறுப்பான மாரீட்டா. அவருக்குப் பக்கத்தில் ஆராய்ச்சிக் குழுவின் தலைவர், தாடிக்காரர், நல்ல மனிதர். லைனை அறுத்துக் காட்டவேண்டியிருந்ததால், அழைப்பை மட்டும் ரிஸ்னாவின் போன் லைனில் தனியாக வைத்திருந்தோம். அவர்கள் பார்க்கும் இணையப் பக்கத்தில் எங்கள் டெப் ஒரு பச்சைப் புள்ளியாகத் தெரிந்தது. தொடர்பு அறுந்தால் புள்ளி சாம்பல் நிறமாகும். ரிஸ்னா இரண்டே நிமிடத்தில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, "இப்போது லைனை அறுக்கிறேன்" என்று ஃபைபர் வயரைப் பிடுங்கினார்.

புள்ளி பச்சை.

வயரைத் திரும்பக் குத்திப் பிடுங்கினார். பச்சை. எனக்கு விளங்கியது. ஓடிப்போய் இரண்டாவது லைனை நிறுத்தினேன். பச்சை. என் போனை அணைத்தேன். பச்சையோ பச்சை.

"எதைக் காட்ட முயல்கிறீர்கள்?" என்று தாடிக்காரர் மிகுந்த மரியாதையுடன் கேட்டார்.

டெப்பில் வைஃபையை நிறுத்தினால் போதுமே என்று நீங்கள் நினைப்பீர்கள். காசாளர்கள் விளையாடாமல் இருப்பதற்காகக் கம்பனி அந்த அமைப்பையெல்லாம் பூட்டி வைத்திருந்தது. பூட்டைத் திறக்கும் அதிகாரம் வேறொரு நாட்டிலுள்ள வேறொரு குழுவிடம். கேட்டு எழுதினால் மூன்று வேலைநாள். உலகக் கம்பனி ஒன்றில் ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றால் சுத்தியல் ஒரு கண்டத்திலும் சுவர் இன்னொரு கண்டத்திலும் இருக்கும் என்பதை இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலியை அடைத்துவிட்டு ரிஸ்னா என்னைப் பார்த்தார். "அண்ணா, இன்னும் எது ஈக்குது?"

"பல் டொக்டர்."

"என்ன?"

"பல் டொக்டற்ற வைஃபை. ஒரு காவலுக்கு."

"அதைப் போய் நிப்பாட்டச் சொல்லுங்களேன்."

"உள்ளுக்க ஆரோ வாயைத் திறந்தபடி கிடக்கிறாங்கள் பிள்ளை. அவரிட்ட எப்பிடிப் போய்ச் சொல்லுறது? இஞ்சை பாரும், புதன்கிழமை ஒத்திகை பாக்கேக்க எடுத்த வீடியோ இருக்கெல்லே? அதை ஓடவிட்டிட்டு இதுதான் எண்டு சொல்லுவம்."

"அவங்கட ஸ்கிரீன்ல புள்ளி பச்சையா ஈக்குது, அண்ணா. அவங்களுக்குக் கண் தெரியும்."

பிறகு கதவுப் பக்கம் பார்த்தார். "லிப்டுக்குள்ள போன் வேலை செய்யாதே? டெப்பைத் தூக்கிட்டுப் போங்க. மேல போய்த் திரும்பி வாங்க. உள்ள நிண்டு ரெண்டு பில் போடுங்க. நான் இங்க கதைச்சுக்கிட்டு ஈக்கிறன்."

டெப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினேன். எங்கள் கட்டடத்தில் கீழே கடைகள், நடுவில் ஆபீசுகள், மேலே குடியிருப்பு. லிப்ட் கதவு திறந்தது. உள்ளே ஒரு அன்ரி, இரண்டு கையிலும் சந்தைப் பைகள்.

"மேலயோ, தம்பி?"

"ஓம் அன்ரி. மேல போய் அப்பிடியே திரும்பி வாறது."

"ஆரைப் பாக்க?"

"ஒருத்தரையும் இல்லை. சும்மா போட்டு வரவேணும்."

அன்ரி பைகளை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கதவு மூடியது. நாங்கள் இரண்டு மாடி ஏறியிருப்போம். கரண்ட் போனது.

இருட்டு. மின்விசிறி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. நான் எல்லாப் பொத்தானையும் அழுத்தினேன். அணைத்திருந்த போனைத் திரும்பத் திறந்தேன், அதில் லைன் இல்லை, அதற்காகத்தானே அங்கே வந்திருந்தேன். கதவில் தட்டினேன். கீழேயிருந்து காவலாளியின் குரல் கேட்டது: "பய வென்ட எபா, சேர்!" பயப்பட வேண்டாமாம். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுகிறார்களாம்.

"அன்ரி, எங்களுக்குக் காத்துக் காணுமோ?"

"காணும், காணும். நீர் வாயை மூடினால் ரெண்டு பேருக்கும் தாராளமாய்க் காணும்."

கொஞ்ச நேரம் மூடினேன். டெப்பின் வெளிச்சம் மட்டும் இருந்தது.

"அதென்ன கையில?"

"கடையில பில் போடுறது, அன்ரி. லைன் இல்லாட்டியும் வேலை செய்யுமோ எண்டு பாக்கிறம்."

"இப்ப லைன் இருக்கோ?"

"இல்லை."

"அப்ப ஏன் கதவைப் பாத்துக்கொண்டு நிக்கிறீர்? பில்லைப் போடுமன்."

என்ன பில் போடுவது என்று நான் யோசிக்குமுன் அவர் ஒரு பையைத் திறந்துவிட்டார். முருங்கைக்காய். தக்காளி. வெண்டிக்காய். கத்தரிக்காய். ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் காட்டினார், நான் அடித்தேன். தக்காளியில் வழக்கு வந்தது.

"என்ன விலை காட்டுது?"

சொன்னேன்.

"அறா விலை! நான் இதைவிடக் குறையத்தான் வாங்கினனான். வெட்டும்."

"அன்ரி, இது சும்மா பரிசோதனை."

"பரிசோதனையெண்டால் கூட்டி வாங்குவீரோ?"

விலையைக் குறைத்தேன். பில்லை முடித்தேன். அடுத்த பையில் பாரை மீன்; அதற்குத் தனிப் பில். அதையும் முடிக்கும்போது அவர் கத்தரிக்காயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முத்தல். ஏமாத்திப்போட்டான். இதைக் கழியும்."

"அந்தப் பில் முடிஞ்சுது, அன்ரி."

"முடிஞ்சால் என்ன? கடையில திருப்பிக் குடுக்கிறேல்லையோ?"

திருப்பிக் கொடுத்ததாகவும் ஒரு பில் போட்டேன். வேலை ஒன்று இருந்ததால் பயப்பட நேரம் கிடைக்கவில்லைப் போலும்.

ஜெனரேட்டர் இயங்கி, லிப்ட் உதறிக்கொண்டு ஏறியது. தன் மாடி வந்ததும் அன்ரி கத்தரிக்காய்ப் பையை என் கையில் திணித்தார். "எனக்கு வேண்டாம். நீர்தானே திருப்பி எடுத்தனீர்?"

ஒரு கையில் டெப், மறு கையில் கத்தரிக்காயோடு மீட்டிங் அறைக்குள் நுழைந்தேன். அழைப்பு அறுந்திருக்கவில்லை. ரிஸ்னாவின் போனும் என் பற்றரியும் அதைத் தாங்கிப் பிடித்திருந்தன. அந்த அளவில் என் கோழைத்தனமும் ஊருக்கு உதவியது. நான் இல்லாத நேரமெல்லாம் ரிஸ்னா அவர்களோடு கதைத்துக்கொண்டிருந்தார். புள்ளி சாம்பலானதையும், நெடுநேரம் சாம்பலாகவே இருந்ததையும் அவர்கள் பார்த்திருந்தார்கள். இப்போது அது பச்சையாக மாறியது. பில்கள் வந்து விழுந்தன. முருங்கைக்காய், தக்காளி, பாரை. மாரீட்டா கைதட்டினார்.

அவற்றுக்கெல்லாம் மேலே ஒரு சிவப்பு வரி நின்றது.

"இது என்ன?" என்றார் தாடிக்காரர்.

வைஃபைக் கோளாறு என்று சொல்ல என் வாய் தயாரானது. ரிஸ்னா முந்திவிட்டார். வரியைத் திறந்து பார்த்து, அவர்களுக்குச் சொன்னார்: "இது எங்கள் பிழை. திருப்பிக் கொடுத்த பில், விற்ற பில்லுக்கு முன்னால் வந்து சேர்ந்திருக்கிறது. விற்காத கத்தரிக்காயை எப்படித் திருப்பிக் கொடுக்கலாம் என்று உங்கள் பக்கத்துக் கணினி அதை ஏற்காமல் தள்ளிவிட்டது. இப்படி நடக்குமென்று நாங்கள் யோசிக்கவே இல்லை. திருப்பிக் கொடுப்பதை எங்கள் பரிசோதனையில் வைக்கவும் இல்லை."

"அப்படியென்றால் இது எப்படி வந்தது?"

ரிஸ்னா என்னைப் பார்த்தார். நான் கத்தரிக்காய்ப் பையைத் தூக்கிக் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன். தாடிக்காரர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கி, உண்மையான ஆர்வத்தோடு முன்னுக்குச் சாய்ந்தார்.

"இது நாங்கள் நினைத்ததைவிடப் பெரிய கேள்வி. வரிசை மாறி வருகிற கணக்கை நேராக்குவது. எங்கள் குழு இதை எடுத்துக்கொள்ளலாம். அடுத்த மாதமே தொடங்கலாம்."

மாரீட்டா என் பக்கம் திரும்பினார். "கொழும்புக்குச் சரிதானே?"

பிள்ளைகளே, எங்கள் கிளையில் ஒரு பழக்கம் இருந்தது. மேலிடம் "சரிதானே?" என்று கேட்டால் மீட்டிங்கில் "சரி" என்போம். சரியில்லை என்பதை அடுத்த நாள், வணக்கத்தோடும் மன்னிப்போடும், நீளமான மெயிலில் எழுதுவோம். நாலு பேர் முன்னால் முகத்துக்கு நேரே மறுப்பது மரியாதை இல்லை என்று நினைத்தோம். அங்கேயோ முடிவு என்பது மீட்டிங்கில் எடுப்பது. எங்கள் மெயில் போய்ச் சேரும்போது அவர்கள் ஆட்களைப் பிரித்து, வேலையைத் தொடங்கியிருப்பார்கள். இத்தனை வருடமும் எங்கள் யோசனைகள் பறிபோயின என்று புலம்பிக்கொண்டிருந்தோம். பாதியை நாங்களே "சரி" என்று சொல்லிக் கொடுத்திருந்தோம். இந்தப் பழக்கத்தில் புதியவர்களைப் பழக்கிவிட்டவனே நான்தான்.

ரிஸ்னா என்னைப் பார்க்கவில்லை. மேசையில் கவிழ்த்து வைத்திருந்த தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை," என்றேன்.

அவ்வளவுதான் வந்தது. அதற்குப் பின்னால் சொல்லவேண்டிய காரணம், நாகரிகமான வார்த்தைகள் எல்லாம் என் தலையிலிருந்து ஓடிவிட்டன. வாய் காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர்ப் போத்தல் எட்டாத தூரத்தில் இருந்தது. நான் மாரீட்டாவைப் பார்த்தேன், மாரீட்டா என்னைப் பார்த்தார். இந்தத் தடவை லைன் போகவில்லை. உறைந்தது நான் மட்டுந்தான். இவன் தன் நிலையிலிருந்து அசைய மாட்டான் என்று அங்கே நினைத்தார்களாம். பிற்பாடு தாடிக்காரரே எனக்குச் சொன்னார்.

கடைசியில் நாக்கு பிரிந்தது.

"அந்தச் சிவப்பு வரியைப் போடவைத்தவர் இந்தக் கட்டடத்தில்தான் இருக்கிறார். அடுத்த சிவப்பு வரியும் இங்கேதான் வரும். இந்த மென்பொருளை எழுதி, அதன் பிழையைக் கண்டுபிடித்தவரும் இங்கேதான் இருக்கிறார்."

மாரீட்டா தாடிக்காரரிடம் திரும்பினார். "உங்கள் தெருக் கடையில் கடைசியாக எப்போது லைன் போனது?"

அவர் யோசித்தார். நேர்மையாக யோசித்தார். "ஞாபகமில்லை."

"அப்படியென்றால் இது அங்கேயே இருக்கட்டும். இருப்பிடம் கொழும்பு, பொறுப்பு ரிஸ்னா. நீங்கள் வாரத்துக்கு ஒருமுறை அவருடன் பேசுங்கள்." தாடிக்காரர் மனவருத்தமில்லாமல் தலையாட்டினார். மாரீட்டா என்னைப் பார்த்து, "உங்களுக்குத் தண்ணீர் ஏதாவது வேண்டுமா?" என்று கேட்டுவிட்டு அழைப்பை முடித்தார்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சந்தான். பதறும்போது மனம் போனமுறை பட்ட அடிக்குத்தான் தடுப்புக் கட்டும். இன்றைய கேள்வி என்னவென்று அதற்குத் தெரியாது. நான் நாலு லைன் இழுத்தது அப்படித்தான். உங்களுக்குப் பதற்றம் வந்தால் வரட்டும். அதன் பேச்சைக் கேட்டு வயர் இழுக்காதீர்கள். வேண்டாம் என்பதை மீட்டிங் முடியுமுன் சொல்லிவிடுங்கள். குரல் நடுங்கினால் பரவாயில்லை, அங்கே அதற்கும் ஏதாவது நல்ல அர்த்தம் வைத்துக்கொள்வார்கள்.

திரை அணைந்ததும் ரிஸ்னா போனை எடுத்துக்கொண்டு நடைவழிக்குப் போனார். கண்ணாடிக்கு அப்பால் அவர் யாருடனோ பேசுவது தெரிந்தது. நீண்ட பேச்சில்லை. இரண்டு தரம் தலையை இல்லை என்று ஆட்டினார், ஒருதரம் சிரித்தார், போனைப் பையில் போட்டார். நான் அதற்குள் ஒரு போத்தல் தண்ணீரைக் குடித்து முடித்திருந்தேன்.

கதவைத் திறந்துகொண்டு வந்தவர் மேசையிலிருந்த கத்தரிக்காய்ப் பையைக் கையில் எடுத்தார்.

"அண்ணா, அந்த அன்ரிட வீடு எத்தனையாம் மாடி? வேற என்னென்ன சாமான் திருப்பிக் குடுக்குறவங்க எண்டு கேக்கணும்."